மாரடைப்பா, கொரோனாவா?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

2020, 2021 காலத்தில் எங்கள் ஊர்களில் ஒரு மௌத்துச் செய்தி வந்தால், "இன்னா லில்லாஹி" சொல்லி முடியும் முன்னமே அடுத்த கேள்வி வந்துவிடும். மாரடைப்பா, கொரோனாவா? பட்டானிச்சூரிலும் சூடுவெந்தபுலவிலும் நீராவிப்பிட்டியிலும் இதே கேள்விதான். மாரடைப்பு என்றால் குளிப்பாட்டலாம், கபன் இடலாம், ஜனாஸா தொழுகை நடத்தலாம், மையவாடியில் கப்று தோண்டலாம். கொரோனா என்றால் நெருப்பு. அதனால் அந்தக் காலத்தில் "மாரடைப்பு" என்பது எங்களுக்கு ஒரு நோயின் பெயராக இருக்கவில்லை. பிரார்த்தித்துக் கேட்கிற ஒரு பதிலாக இருந்தது.

இப்போது நிலைமை வேறு. யாராவது 50 வயதில் திடீரென்று விழுந்தால் "ஊசி போட்டதால்தான்" என்கிறார்கள். கேள்வியின் உருவம் மாறியிருக்கிறது, உள்ளே இருக்கிற பிழை மாறவில்லை. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று நாங்கள் நினைக்கிறோம். தொற்றும் இருதய நோயும் தனித்தனி வீட்டுக்காரர் அல்ல என்பதை மருத்துவம் தெரிந்துகொண்டு நெடுங்காலமாகிறது. அந்தக் கதையையும், அது தெரியாமல் போனதால் எங்கள் மண்ணில் நடந்ததையும்தான் எழுதுகிறோம்.

அரசாங்கத் தகவல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் வெளியிட்ட மரண அறிக்கைகள் நினைவிருக்கிறதா? வயது, ஆணா பெண்ணா, பிரதேசம், கடைசியில் காரணம். கொவிட் நிமோனியாவுடன் இருதய நோய், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் என்று நீளும். அதை வட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டு, "சீனியும் பிரஷரும் ஹார்ட்டும் இருந்த மனுசனைக் கொரோனா என்று எழுதிவிட்டார்கள்" என்று பலர் சொன்னார்கள். வேண்டுமென்றே எழுதுகிறார்கள் என்றும் சொன்னார்கள். தகனம் மட்டும்தான் என்ற ஒரு சட்டத்தை வைத்திருந்த அரசு, எதையும் வேண்டுமென்றே செய்யும் என்று நினைக்க எங்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த நீண்ட வரி ஏமாற்றுவதற்காக எழுதப்பட்டதல்ல. மரணக் காரணம் எழுதும் முறையே அப்படித்தான்.

சர்வதேச முறைப்படி, மருத்துவர் நிரப்புகிற மரணக் காரணப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற் பகுதி ஒரு சங்கிலி. மேல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்தது. அதற்குக் கீழே அதைக் கொண்டுவந்தது. ஆகக் கீழே எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. இரண்டாம் பகுதியில், சங்கிலிக்குள் வராவிட்டாலும் கூட நின்று சாவுக்கு உதவிய நோய்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் கொவிட்டுக்காக வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொன்னது. விபத்து போன்ற தெளிவான வேறு காரணம் இல்லாவிட்டால் கொவிட்டை அடிப்படைக் காரணமாக எழுதலாம், பழைய இருதய நோய், சீனி வருத்தம் போன்றவை இரண்டாம் பகுதிக்குப் போகும். பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை எடுத்த ஒருவருக்குக் கொரோனா வந்து ஐந்தாம் நாள் மாரடைப்பு வந்து, அதைக் கொண்டுவந்தது கொவிட்தான் என்று மருத்துவர் கருதினால், மேல் வரியில் மாரடைப்பு, கீழ் வரியில் கொவிட், இரண்டாம் பகுதியில் உயர் குருதியமுக்கம். மாரடைப்பா, கொரோனாவா என்று கேட்டால் அந்தத் தாளில் இரண்டுமே சரியான விடை.

இனிச் சற்றுப் பின்னால் போவோம்.

1847இல் லண்டனில் இன்புளுவென்சா பரவியது. இங்கிலாந்தின் மரணக் கணக்குகளைப் பார்த்துவந்த வில்லியம் பார் என்பவர் ஒன்றைக் கவனித்தார். இன்புளுவென்சா என்று எழுதப்பட்ட மரணங்களை மட்டும் கூட்டினால் தொகை சிறியது. ஆனால் வழமையாக அந்த வாரங்களில் இறப்பவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் அதைவிடப் பல மடங்கு பேர் மேலதிகமாக இறந்திருந்தார்கள். அவர்களுடைய தாளில் வேறு நோய்களின் பெயர் இருந்தது. கொரோனாக் காலத்தில் நாங்கள் அடிக்கடி கேட்ட "மேலதிக மரணம்" என்ற கணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிறகு 1918. அந்தக் கொள்ளைநோய் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. இலங்கையில் அது ஏற்படுத்திய இழப்பு சுமார் 3 இலட்சத்து 7 ஆயிரம் உயிர்கள், அன்றைய சனத்தொகையில் 6.7 சதவீதம் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கொழும்புத் துறைமுகத்தால் மட்டுமல்ல, தலைமன்னார் வழியாகவும் நோய் நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று அதே ஆய்வு சொல்கிறது. தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து ரயில். அந்தப் பாதை திறந்து அப்போது நாலு வருடம்தான். அது செட்டிகுளம் ஊடாகத்தான் மதவாச்சிக்குப் போகிறது. வன்னியின் ஓரத்தால் ஒரு கொள்ளைநோய் ரயிலேறிப் போயிருக்கிறது, எங்கள் பெரியவர்களின் கதைகளில் அது மிஞ்சவில்லை.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் செல்வின் கொலின்ஸ், அதுவரை வந்த இன்புளுவென்சா அலைகளை எடுத்து, பார் தொடங்கிய கணக்கை இன்னும் நுட்பமாகச் செய்தார். இன்புளுவென்சா, நிமோனியா இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்ற மரணங்களை மட்டும் பார்த்தார். அலை எழும் வாரங்களில் இருதய நோய் மரணங்களும் சேர்ந்து எழுந்தன. அலை விழ அவையும் விழுந்தன. மாரடைப்பு என்று தாளில் இருக்கிறது, ஆனால் அந்த வாரம் அதை அழைத்துவந்தது காய்ச்சல். கொரோனா வருவதற்கு 88 வருடங்களுக்கு முன்னர் அச்சில் வந்த விடயம் இது.

நிரூபிக்க நீண்ட காலம் எடுத்தது, ஏனென்றால் காய்ச்சலோடு வருகிற எல்லோருக்கும் அன்று ஆய்வுகூடப் பரிசோதனை இல்லை. 2018இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைச் செய்தார்கள். பரிசோதனையில் இன்புளுவென்சா உறுதியானவர்களுக்கு, அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு அவர்களுடைய வழமையான வாரங்களை விட ஆறு மடங்கு. ஒரு சாதாரண தடிமன் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சி என்று சொல்பவர்களுக்கு ஒன்று. பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கு இது வகுப்பறையிலேயே தெரியும். மாதத்தில் ஒரு நாள் பென்சிலின் ஊசிக்காக லீவு கேட்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். சின்ன வயதில் தொண்டை நோ, பிறகு மூட்டு வீக்கம், பிறகு இருதய வால்வு பழுது. வாதக் காய்ச்சல் என்பார்கள். தொண்டைக்கு வந்த பக்டீரியாவோடு உடம்பு நடத்துகிற சண்டையில் இருதயம் அடிபடுகிறது. தொண்டைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. கிளினிக் கார்ட்டைப் பார்த்தே அவருக்குத் தெரியும். வயலில் எலிக்காய்ச்சல் பிடித்தவர்களிலும் சிலருக்கு இருதயத் தசை பாதிக்கப்படுகிறது. டெங்குவிலும் அப்படி நடக்கிறது. கொரோனாவில் மட்டும் ஏன் அதிசயமாகப் பார்க்கிறோம்?

கொரோனா என்ன செய்கிறது என்பதைச் சாதாரணதரப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னால் இப்படி. காய்ச்சலில் இருதயம் வேகமாக அடிக்கிறது, அதற்குக் கூடுதல் ஒட்சிசன் வேண்டும். அதே நேரம் சுவாசப்பை பழுதாகி ஒட்சிசன் குறைகிறது. செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. இரண்டாவது, உடம்பு முழுக்க அழற்சி. இருதயத்துக்குப் போகிற நாடிகளின் சுவரில் வருடக்கணக்காகப் படிந்திருக்கும் கொழுப்புப் படிவு அந்த அழற்சியில் வெடிக்கலாம். வெடித்த இடத்தில் குருதி உறையும், அடைப்பு வரும். மூன்றாவது, கொரோனாவில் குருதி உறையும் தன்மையே கூடுகிறது. கடுமையான நோயாளிகளின் சுவாசப்பைக் கலன்களிலும் கட்டிகள் காணப்பட்டன, அதனால்தான் வாட்டுகளில் குருதி உறையாமல் இருக்க ஊசி கொடுத்தார்கள். வைரஸ் கலங்களுக்குள் நுழையப் பயன்படுத்துகிற ஏசிஈ 2 என்ற புரதம் சுவாசப்பையில் மட்டுமல்ல, இருதயத்திலும் உண்டு.

2020 பெப்ரவரியிலேயே சீனா 44,672 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டது. மொத்தத்தில் இறந்தவர்கள் 2.3 சதவீதம். இருதய நோய் ஏற்கனவே இருந்தவர்களில் 10.5 சதவீதம். அடுத்த வருடம் சுவீடனில் 86,742 பேரை எடுத்துப் பார்த்தபோது, தொற்றுக்குப் பிந்திய முதல் வாரத்தில் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. 2022இல் அமெரிக்காவில், தொற்றிலிருந்து தப்பிய 1,53,760 முன்னாள் படைவீரர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. தொற்றாதவர்களோடு ஒப்பிட்டால் ஆயிரம் பேருக்கு 45 பேர் மேலதிகமாக ஏதோ ஓர் இருதய, குருதிக்கலன் நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். வைத்தியசாலைக்கே போகாமல் வீட்டில் இருந்து சுகமானவர்களிலும் வாய்ப்புக் கூடியிருந்தது. அந்தப் படைவீரர்கள் பெரும்பாலும் வயதான வெள்ளையின ஆண்கள். அந்த 45ஐ அப்படியே முல்லைத்தீவுக்குத் தூக்கிவர முடியாது. ஆனால் திசை எது என்பதில் சந்தேகம் இல்லை.

இனி எங்கள் கதை.

2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பம்பைமடுவிலும் கேப்பாப்பிலவிலும் தனிமைப்படுத்தினார்கள். மார்ச் 20 ஊரடங்கு. 28ஆம் திகதி நாட்டின் முதல் மரணம். 30ஆம் திகதி நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் மரணம், அந்த ஜனாஸா எரிக்கப்பட்டது. அடக்கம் செய்வதோ எரிப்பதோ இரண்டும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. கொவிட்டால் இறந்தவர் மட்டுமல்ல, கொவிட்டால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரும் எரிக்கப்பட வேண்டும். 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம்.

"சந்தேகிக்கப்படுபவர்" என்ற அந்தச் சொல்லை எத்தனை பேர் கவனித்தோம்? வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரின் உடலிலும் பீசீஆர் எடுத்தார்கள். பொசிட்டிவ் வந்தால் மாரடைப்பும் கொரோனா மரணம்தான். மருத்துவக் கணக்கில் அது எப்போதும் பிழை என்று சொல்ல முடியாது, தொற்று மாரடைப்பைக் கொண்டுவரலாம் என்பதைத்தான் மேலே சொன்னவை காட்டுகின்றன. பிழை, அந்தக் கணக்கின் முடிவில் தீயைக் கொண்டுபோய் வைத்தது. புள்ளிவிபரத்துக்காக எழுதப்படுகிற ஒரு வரி, ஒரு மனிதரைக் கப்றில் வைப்பதா நெருப்பில் வைப்பதா என்று தீர்மானிக்கிற தீர்ப்பாக மாறியது. ஒரு சமூகம் அந்த வரியைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். நெஞ்சு நோவென்றால் வாயு என்று வெந்நீர் குடிப்பார்கள், ஓமம் மெல்லுவார்கள், காலையில் பார்ப்போம் என்பார்கள். மாரடைப்பில் காலைவரை பொறுக்க முடியாது. அடைப்பைக் கரைக்கிற மருந்தை முதல் சில மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் இருதயத் தசையில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். வன்னியில் தூரமே ஏற்கனவே ஒரு நோய். முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்கு வந்து, ஈசிஜி எடுத்து, அங்கிருந்து அஞ்சியோகிராமுக்கு யாழ்ப்பாணம் போவது சாதாரண நாளிலேயே எவ்வளவு பாடு என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஊரடங்கு, பாஸ், முச்சக்கரவண்டி கிடைக்காமை. எல்லாவற்றுக்கும் மேல், "போனால், மையித்தாவது திரும்பி வருமா" என்ற கேள்வி.

வட இத்தாலியில் 2020 வசந்தத்தில் மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வருபவர்களின் தொகை கடுமையாகக் குறைந்தது. மாரடைப்புக் குறையவில்லை, மக்கள் வரப் பயந்தார்கள். அவர்களுக்குத் தொற்று பற்றிய பயம் மட்டும்தான். எங்களுக்கு இரண்டு பயம்.

2021 ஜனவரியில் பட்டானிச்சூரில் தொற்றுப் பரவி அந்தப் பகுதி முடக்கப்பட்டபோது அந்த இரண்டு பயமும் ஒரே வாசலில் வந்து நின்றன. பரிசோதனைக்கு வரச் சொன்னால் ஏன் தயங்குகிறார்கள் என்று வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள். வர்த்தமானி நடைமுறையில் இருந்த பத்து மாதங்களில் ஒரு முஸ்லிம் வீட்டில் "பொசிட்டிவ்" என்ற சொல் எப்படிக் கேட்டது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. 2020 டிசம்பரில் கொழும்பில் 20 நாள் பச்சைக் குழந்தையின் உடல் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள், அவையும் கழற்றப்பட்டன. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்திருந்தது.

மருத்துவர்கள் பேசாமல் இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த ஹொங்கொங் குழுவின் முன்னோடி, எங்கள் நாட்டில் பிறந்த பேராசிரியர் மலிக் பீரிஸ், அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்றார். வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையில் அரசே நியமித்த நிபுணர் குழுவும் அதையே சொன்னது. விஞ்ஞானத்துக்கும் எங்களுக்கும் சண்டை இருக்கவில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி நடந்ததோடுதான் சண்டை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி புதிய வர்த்தமானி வந்தது, அடக்கலாம். எங்கே? முதலில் சொன்ன இடம் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசம். 1992இல் துரத்தப்பட்டு, 26 வருடம் போராடி, 2018இல் தாங்களாகவே படகேறிப் போய் மீண்டும் குடியேறிய மீனவ மக்களின் தீவு. அந்த மக்கள் எதிர்த்தார்கள், அவர்களுடைய பங்குத் தந்தையர்களும் எதிர்த்தார்கள். முஸ்லிம்களை எதிர்க்கிறார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து காடாகிப்போன காணியில் எல்லைக் கல் தேடிய எங்களுக்கு, இரணைதீவு மக்கள் அந்த மண்ணை ஏன் இறுக்கிப் பிடித்தார்கள் என்பது யாரும் விளக்காமலே விளங்கும். இரண்டு பாதிக்கப்பட்ட சனத்தை ஒரு சின்னத் தீவில் மோதவிடப் பார்த்த முடிவு அது.

மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான். ஒரு வருடத்தில் 3,634 உடல்கள், பெரும்பாலானவை முஸ்லிம்கள், இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் அவர்களிடையே உண்டு. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருந்து போகிற ஒரு குடும்பத்துக்கு இன்றும் ஸியாரத் என்பது ஒரு நாள் பயணம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அதற்கு முன் எரிக்கப்பட்ட 276 முஸ்லிம்கள் என்று அந்தத் தொகையும் அப்போது வந்தது. தொற்றாளர் என்ற சந்தேகத்துக்குப் பயந்து, நெஞ்சு நோவோடு வீட்டில் கிடந்து மௌத்தானவர்கள் அந்த 276இல் இல்லை. அவர்களை எண்ணுவதற்கு எந்தத் திணைக்களத்திலும் பத்தி கிடையாது.

இப்போது ஊசிக்கு வருவோம். பைசர், மொடர்னா போன்ற ஊசிகளுக்குப் பிறகு அரிதாகச் சிலருக்கு, அதிகமாக இளம் ஆண்களுக்கு, இருதயத் தசை அழற்சி வந்தது உண்மை. அதை மறைக்கவில்லை, மருத்துவ உலகமே வெளியிட்டது. பெரும்பாலானோர் சுகமானார்கள். அஸ்ட்ராசெனிகாவில் மிக அரிதாகக் குருதிக் கட்டி வந்ததும் உண்மை. ஆனால் இலங்கையில் முதல் இரண்டு ஊசியாகப் பெரும்பாலானோருக்குப் போட்டது சினோபார்ம், அது வேறு வகை. எங்கள் பக்கத்தில் பைசர் போட்டவர்களும் உண்டு, மூன்றாவது ஊசியாகப் பலர் போட்டோம். இங்கிலாந்தில் நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஊசிக்குப் பிந்திய மாதங்களில் மாரடைப்பும் பாரிசவாதமும் மொத்தத்தில் குறைந்தே இருந்தன. ஊசியைக் குற்றம் சொல்கிற நண்பர்கள், அதே ஆள் அதற்கு முன்போ பின்போ கொரோனாவில் கிடந்தாரா என்பதை ஏனோ கேட்பதில்லை. சீனி எவ்வளவு, சிகரெட் எத்தனை என்பதையும் கேட்பதில்லை.

அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. கொரோனா வந்ததை மறைத்த வீடுகள் அதை இன்றைக்கும் மறைக்கின்றன, கிளினிக்கில் டொக்டர் கேட்டாலும் "இல்லை" என்கிறார்கள். வர்த்தமானி போய்விட்டது, எந்த ஜனாஸாவையும் யாரும் எடுத்துப் போகப் போவதில்லை. 2021 ஓகஸ்ட் அலையில் மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தவர்கள், அதற்குப் பிறகு படியேறக் களைப்பு, படபடப்பு, கால் வீக்கம் என்று இருப்பவர்கள், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை நீட்டும்போது அந்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லுங்கள். காய்ச்சல் பிடித்த வாரத்தில் நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ நோவெடுத்தால், ஓமத்தை எடுக்க வேண்டாம். 1990ஐ அழுத்துங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது வன்னிக்கும் வருகிறது, காசு கேட்பதில்லை.